காகம் தின்ற ஈரல்

என் அத்தான் உண்பதற்கு முன்னர் என் அக்கா உண்டிருக்க வேண்டும். அவர்களுடைய நாற்பத்தோராண்டு மணவாழ்வில் இந்த ஒழுங்கு ஒரு வேளையேனும் பிசகியதாக நான் அறியேன். சோறும் கறியும் மேசைக்கு வந்ததும் அக்காவின் தட்டில் தம் கையாலேயே பரிமாறுவார். "இஞ்சாரும், நீர் துடங்கும். நான் கையைக் கழுவிப்போட்டு வாறன்" என்று சொல்லிக் கிணற்றடிக்குப் போவார். கை கழுவ அவருக்கு நீண்ட நேரம் வேண்டும். திரும்பி வரும்போது அக்கா நான்கைந்து கவளம் விழுங்கியிருப்பார். அத்தான் கதிரையை இழுத்து அமர்ந்து, அக்காவின் முகத்தை ஒருமுறை உற்றுப் பார்த்து, அதன் பிறகே தமக்குக் கறி எடுப்பார்.

ஊர் இதற்கு அன்பு என்று பெயர் வைத்திருந்தது. பங்குத் தந்தை ஒருவர் கல்யாணப் பூசைப் பிரசங்கத்தில் இதை உதாரணமாகவே எடுத்துரைத்தார். மனைவி உண்ட பின் உண்ணும் சம்மாட்டி என்று எங்கள் கரையில் அவருக்குத் தனி மதிப்பு இருந்தது. அந்த மதிப்பில் எங்கள் குடும்பத்துக்கும் ஒரு பங்கு உண்டென்று நான் எண்ணியிருந்தேன். இரண்டு திருமண வீடுகளில் அதை நானே எடுத்துப் பேசியும் இருக்கிறேன்.

அவர் இன்னும் உயிரோடு இருக்கிறார். ஆகவே பெயரை எழுதமாட்டேன். வங்காலைக்குத் தெற்கே ஒரு கரைக் கிராமம், சம்மாட்டி என்ற பெயருக்கேற்பச் சொந்தத்தில் நான்கு வள்ளங்கள், மீன்பிடிப் பொருள்கள் வைக்கக் கரையில் தென்னோலைக் கிடுகால் அடைத்த ஒரு வாடி, இவ்வளவு போதும். என்னைப் பற்றியும் தேவையான அளவு சொல்லிவிடுகிறேன். மன்னார்த் தீவில், தோட்டவெளியில் வசிக்கிறேன். முப்பது ஆண்டுகள் உயர்தர வகுப்புகளுக்கு விலங்கியல் கற்பித்து, உப அதிபராக ஓய்வு பெற்றவன். சமாதான நீதவான். கடலாமையைக் கொல்வது குற்றம், அதைத் தின்பது அறியாமை என்று பாடசாலைகளிலும் பங்கு மண்டபங்களிலும் ஒலிவாங்கியின் முன் நின்று பேசியவன். இந்த மாவட்டத்தில் என் பெயருக்கு முன்னும் பின்னும் சில எழுத்துகள் உண்டு. அவற்றை நான் இலேசாகப் பெற்றவனல்லன்.

அத்தான் ஒல்லியான, உயர்ந்த மனிதர். வெள்ளைச் சாரம், வெள்ளைச் சேட்டு. இளவயதிலிருந்தே தொய்வு நோய் உண்டு. மூச்சு விடும்போது நெஞ்சுக்குள் ஒரு மெல்லிய விசில் கேட்கும். அதனால்தானோ என்னவோ குரலை ஒருபோதும் உயர்த்தமாட்டார். தம்மிடம் வேலை செய்பவர்களைக்கூட நீங்கள் என்றே அழைப்பார். எந்த வாசலிலும் முதலில் நுழையமாட்டார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "நீங்கள் முன்னால போங்கோ" என்று மற்றவரை விட்டுவிட்டு, உள்ளே என்ன நடக்கிறது என்று சற்று நின்று பார்த்த பிறகே காலை வைப்பார். பார்த்தவர்கள் பணிவு என்றார்கள். மரியாதை அவருடைய கைத்தடி என்பதை நான் வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன். அதை முன்னே நீட்டித் தரையைத் தட்டிப் பார்த்துக்கொண்டேதான் அவர் வாழ்நாள் முழுவதும் நடந்தார்.

போர் முடிந்து ஊர்களைத் திறந்துவிட்ட ஆண்டு, அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்த தென்னங்காணியைப் பார்க்கப் போனோம். கண்ணிவெடி அகற்றியாயிற்று என்று வேலியில் ஒரு பலகை தொங்கியது. அந்தப் பலகையை அத்தான் இரண்டு தடவை வாசித்தார். பிறகு எண்பது வயதைத் தாண்டியிருந்த என் தகப்பனாரின் கையைப் பிடித்து முன்னால் கொண்டுவந்தார்.

"மாமா, உங்கட வேர்வையில வந்த காணி. முதல் காலடி நீங்கள்தான் வைக்கவேணும்."

என் தகப்பனாரின் கண்கள் கலங்கிவிட்டன. மருமகன் தந்த அந்தக் கௌரவத்தை ஏற்றுக்கொண்டு, பொல்லை ஊன்றி, இடுப்பளவு வளர்ந்திருந்த புல்லுக்குள் நடந்தார். கிணறுவரை போனார். அங்கிருந்து பின்வளவுவரை போய்த் திரும்பினார். அத்தான் வேலியோரம் நின்று, ஒவ்வொரு அடியையும் கண்ணால் குறித்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மடிந்த புல்லின்மீதே, அதே காலடிகளிலேயே தம் காலை வைத்து நடந்து வந்தார். ஒன்றும் வெடிக்கவில்லை. என் தகப்பனார் இறக்கும்வரை அந்த நாளைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டார். அவருக்கு முன்னால் நான் வாய் திறக்கவில்லை.

புதிய பைபர் வள்ளம் ஒன்று வாங்கியபோது, பங்குத் தந்தையை வள்ளத்தில் ஏற்றி, "சுவாமி, ஆசீர்வாதத்தோடை முதல் ஒரு சுத்துச் சுத்திப்போட்டு வாங்கோ" என்று கடலுக்கு அனுப்பினார். சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதம். சுவாமி அங்கியெல்லாம் வாந்தியோடு கரை சேர்ந்தார். அத்தான் மிகுந்த பக்தியோடு அவரைத் தாங்கி இறக்கிவிட்டு, வள்ளத்தின் அடிப்பக்கத்தில் தண்ணீர் கசிந்திருக்கிறதா என்று பார்த்தார். கொரோனாவுக்கு ஊசி போட்ட காலத்தில் அக்காவை முதல் நாளே வரிசையில் நிறுத்தினார். தமக்குத் தொய்வு என்று சொல்லி, பதினைந்து நாள் அக்காவைக் கவனித்துப் பார்த்த பிறகு போய்ப் போட்டுக்கொண்டார்.

ஒருமுறை, ஒரேயொருமுறை, இதுபற்றி அக்காவிடம் கேட்டேன். அத்தான் கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா சோற்றைப் பிசைந்தபடி சிரித்தார்.

"எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியோ தம்பி? கலியாணங்கட்டி மூண்டாம் மாசமே தெரியும்."

"தெரிஞ்சுகொண்டோ சாப்பிடுறியள்?"

"ஒரு வீட்டில ஆரோ ஒராள் முதல் சாப்பிடத்தானே வேணும். அந்தாள் பயந்த மனிசன். பயந்ததுகளோடை சண்டை பிடிச்சு என்ன செய்யிறது? நீ சாப்பிடு, குழம்பு ஆறுது."

அந்தப் பதில் எனக்கு அவமானமாக இருந்தது. படித்த குடும்பத்துப் பெண் இப்படிப் பேசலாகாது என்று எண்ணினேன். வேறொன்றும் எண்ணவில்லை.

இனி ஆமையின் கதைக்கு வருகிறேன்.

எங்கள் கரையில் ஆமையிறைச்சி சட்டத்துக்கு மறைவாக உண்ணப்படும் உணவு. திருக்கை வலையில் ஆமை மாட்டினால் அதைக் கடலில் விடவேண்டும் என்பது சட்டம். அது வாடியின் கிடுகு மறைப்புக்குப் பின்னால் போய்விடும் என்பது வழக்கம். இறைச்சியை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் ஒரு சோதனை உண்டு. ஈரலில் ஒரு துண்டை அரிந்து மணலில் எறிவார்கள். காகம் கவ்விக்கொண்டு போனால் ஆமை நல்லது. காகம் கொத்திப் பார்த்து விட்டுவிட்டால் முழு ஆமையையும் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள். சில ஆமைகளின் உடலில் நஞ்சு ஏறியிருப்பதுண்டு. அத்தகைய இறைச்சியைத் தின்று குடும்பமாக மாண்டவர்களைப் பற்றிக் கரையில் பழைய பேச்சுகள் உண்டு. காகம் அந்த நஞ்சை அறியும் என்பது நம்பிக்கை. அறியுமோ அறியாதோ, நோயைக் காகம் நிச்சயமாக அறியாது. அழுகலைத் தின்றே வாழும் பறவை அது.

இறைச்சிக்கு மேலாக மதிக்கப்படுவது ஆமையின் இரத்தம். வெட்டிய சூட்டோடு பச்சையாகக் குடிக்க வேண்டும். தொய்வுக்கு நல்லது, மூலத்துக்கு நல்லது, இரத்தம் குறைந்தவர்களுக்கு அதைவிட மருந்தில்லை என்பார்கள். அத்தானுக்குத் தொய்வு. அக்காவுக்குப் பல வருடங்களாகச் சீனி வருத்தம்; அந்த ஆண்டு இரத்தமும் குறைந்து, இரண்டு படி ஏறினாலே மூச்சு வாங்கும் நிலையில் இருந்தார்.

சோளகக் காலத்தில் ஒருநாள் பிற்பகல், அக்காவின் மருந்துக் குளிசைகளை மன்னாரில் வாங்கிக்கொண்டு பாலம் கடந்து போனேன். வீட்டில் ஒருவரும் இல்லை. வாடியின் பக்கம் குரல்கள் கேட்டன. கிடுகை விலக்கிக்கொண்டு உள்ளே போன பிறகுதான் எங்கே வந்திருக்கிறேன் என்பது எனக்கு விளங்கியது.

இரண்டு பேராமைகள் மல்லாந்து கிடந்தன. ஒன்று பெரியது, பலமானது. துடுப்புகளை மணலில் அடித்து அடித்துப் பள்ளம் பறித்திருந்தது. மற்றது அசையவில்லை. அதன் முன் துடுப்பில் பழைய வலை நூல் ஒன்று எலும்புவரை வெட்டி இறங்கி, தோள் மூட்டு ஒரு தேங்காயளவு வீங்கியிருந்தது. வயிற்றுப்பக்கத்து அடி ஓடு உள்வாங்கிக் கிடந்தது. கண்கள் குழிக்குள் போயிருந்தன. ஓட்டில் கொட்டலசு என்னும் ஒட்டுச் சிப்பிகளும் பாசியும் அப்பி இருந்தன. நீந்துகிற ஆமையில் அவை அவ்வளவு படிவதில்லை.

"வா தம்பி, வா. நல்ல நேரம் பாத்துத்தான் வந்திருக்கிறாய்" என்றார் அத்தான்.

"அத்தான், இது என்ன வேலை? நான் இஞ்சை நிண்டதெண்டு ஆரும் கண்டால் என்ர நிலைமை என்ன?"

"அப்ப கண்ணை மூடிக்கொண்டு நில்லுங்கோ சேர். நாங்கள் முடிஞ்ச பிறகு சொல்லுறம்" என்றார் மண்டாடி. அத்தானின் பெரிய வள்ளத்தைக் கடலில் நடத்துபவர் அவர். கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்த இரண்டு தொழிலாளிகளும் சிரித்தார்கள்.

நான் அந்த அசையாத ஆமையைச் சுட்டிக் கேட்டேன். "இதை எங்கை பிடிச்சது?"

"பிடிக்கேல்லை சேர். வலை வைக்கவே தேவையில்லாமப் போச்சு. ஒரு பக்கம் சரிஞ்சு மிதந்துகொண்டு நிண்டது. கையைப் போட்டுத் தூக்கினனான், ஒரு சொல்லுச் சொல்லேல்லை. அவ்வளவு சாது."

"மண்டாடி, துள்ளுறதைப் பிறகு பாப்பம். முதல் இந்தச் சாதுவை வெட்டுங்கோ" என்றார் அத்தான்.

ஆமையைக் கொன்றுவிட்டு வெட்டுவதில்லை. வெட்டி முடிந்த பிறகே அது சாகும். அடியோட்டின் விளிம்பைச் சுற்றிக் கத்தி ஓடியது. மூடியைத் திறப்பதுபோல அடியோட்டைப் பெயர்த்து எடுத்தார்கள். உள்ளே இதயம் துடித்துக்கொண்டிருந்தது. ஆமை கத்தவில்லை, அதற்குக் கத்தும் குரலில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் விட்டது. பக்கத்தில் கிடந்த பெரிய ஆமையும் அதே நேரத்தில் ஒரு பெருமூச்சு விட்டது. வீங்கிய தோளைக் கத்தி பிளந்தபோது அங்கிருந்து ஒன்றும் வழியவில்லை. மஞ்சள் நிறமான, கட்டியான, தயிர் இறுகினாற்போன்ற பொருள் துண்டு துண்டாக உதிர்ந்தது.

"கொழுப்பைப் பாத்தியளோ சம்மாட்டியார்! நோயாளி மாதிரிக் கிடந்துகொண்டு உள்ளுக்கை என்ன கொழுப்பு!" என்றார் மண்டாடி.

பிறகு ஈரலை எடுத்து வெளியே வைத்தார்கள். கருஞ்சிவப்பான ஈரல் முழுவதும், தினை தூவியதுபோல மஞ்சள் புள்ளிகள்.

அதைப் பார்த்த பிறகு என்னால் பேசாதிருக்க முடியவில்லை. "அத்தான், அது கொழுப்பில்லை. சீழ்."

"சீழெண்டால் வழியாதோ தம்பி?"

"மனிசருக்கு வழியும். ஊர்வனவுக்கு வழியாது, இப்பிடிக் கட்டியாத்தான் நிக்கும். ஈரலைப் பாருங்கோ. காயத்தாலை கிருமி போய் ரத்தத்தில ஏறியிருக்கு. இந்த ஆமையின்ர உடம்பு முழுக்கக் கிருமிதான். புதையுங்கோ."

தொழிலாளிகளின் கத்திகள் நின்றன. அத்தான்கூட யோசித்தார் என்றே நினைக்கிறேன். மண்டாடி முந்திக்கொண்டார்.

"சேர் முப்பது வருசம் கரும்பலகையில ஆமை கீறினவர். ஏன் சேர், அந்த ஆமைக்கு ஈரல் எங்கால் பக்கம் கீறினனீங்கள்?"

தொழிலாளிகள் கத்தியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். அத்தானும் சிரித்தார். ஈரலில் ஒரு துண்டை அரிந்து மணலில் எறிந்தார். கிடுகுக் கூரையில் காத்திருந்த காகம் இறங்கிக் கவ்விக்கொண்டு மேலே போய்த் தின்றது. தின்றுவிட்டு மறுபடி இறங்கி வந்து, தலையைச் சாய்த்து இன்னும் கேட்டது.

"பாத்தியோ தம்பி? உன்ர சோதினையில தோத்தாலும் ஆமை காகத்தின்ர சோதினையில பாஸ்."

மறுபடியும் சிரிப்பு. என் முகம் சுட்டது. என்னிடம் கல்வி கற்ற வைத்தியர்கள் மூன்று நாடுகளில் இருக்கிறார்கள். எட்டாம் வகுப்பைத் தாண்டாத நால்வர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றார்கள். குடையை எடுத்துக்கொண்டு வெளியேறத் திரும்பினேன்.

அப்போது அயல் வீட்டிலிருந்து அக்கா வந்தார். அத்தான் கூப்பிட்டுவிட்டிருக்கிறார். இரத்தத்தை ஒரு கண்ணாடிக் குவளையில் ஏந்தி வைத்திருந்தார்கள். அத்தான் அதை இரு கைகளாலும் எடுத்து அக்காவிடம் நீட்டினார்.

"இஞ்சாரும், சூடு ஆறமுதல் குடியும். உமக்கு ரத்தம் காணாது. நான் நாளைக்கு மற்றதின்ரயைக் குடிக்கிறன்."

மற்றது என்றால் அந்தப் பெரிய, பலமான ஆமை. அது நாளைவரை உயிரோடு கிடக்கும். அதற்குள் அக்காவுக்கு என்ன ஆகிறது என்று பார்த்துவிடலாம். அவர் இதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவுமில்லை.

அக்கா குவளையை வாங்கினார். வாயருகே கொண்டுபோகுமுன் என்னைப் பார்த்தார்.

"குடிக்கலாமோ தம்பி? நீ படிச்சனீ."

நான் என்ன சொன்னேன் என்பதை இங்கு எழுத வேண்டியிருக்கிறது. வேறு எவரும் எழுதமாட்டார்கள்.

"என்னட்டை ஏன் கேக்கிறியள்? காகத்திட்டைக் கேளுங்கோ" என்றேன்.

அக்கா சிரித்தார். நான் பகிடி விட்டதாக எண்ணியிருப்பார். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று மிடறில் குடித்து முடித்தார். அத்தான் அவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பின்பக்க ஒழுங்கையால், ஒருவர் கண்ணிலும் படாமல் வெளியேறினேன்.

மறுநாள் நண்பகலில் அத்தான் தொலைபேசியில் அழைத்தார். அக்காவுக்கு விடியற்காலையிலிருந்தே உடம்பைத் தூக்கிப்போடும் குலைப்பன் காய்ச்சல், வாந்தி, வயிற்றோட்டம். மன்னார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம், நீயும் வா என்றார். விடியற்காலையில் தொடங்கிய நோய்க்கு நண்பகலில்தான் வாகனம் பிடித்தார்கள் என்பது எனக்கு உறுத்தியது. பின்னர் மண்டாடி மூலம் அறிந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் கேள்வி வரும், கேள்வி வந்தால் அதிகாரிகள் வருவார்கள் என்று எண்ணி, அத்தான் முதலில் வாடியைத் துப்புரவாக்கியிருக்கிறார். ஆமையோட்டையும் இறைச்சியையும் புதைத்து, இரத்தம் தோய்ந்த மணலை வாரிக் கடலில் கொட்டி, கட்டியிருந்த பெரிய ஆமையை அவிழ்த்துக் கடலுக்குள் விட்டிருக்கிறார்கள். அது நன்றாகவே நீந்திப் போயிற்றாம். அவ்வளவு நேரமும் அக்கா அறையில் பாயில் கிடந்தார்.

வார்ட்டில் பொறுப்பாயிருந்த வைத்தியர் என் மாணவி. அடம்பனில் வயல் செய்கிற குடும்பத்துப் பிள்ளை. முன்வாங்கில் இருந்து, நான் கீறிய ஒவ்வொரு படத்தையும் மூன்று நிறத்தில் கீறிக் காட்டியவள். என்னைக் கண்டதும் எழுந்து நின்று கதிரையைத் தந்தாள்.

"சேர், அம்மாவின்ர பிரஷர் இறங்கிக்கொண்டு வருது. கிருமி ரத்தத்தில பரவுது எண்டு நினைக்கிறன். நேற்று என்ன சாப்பிட்டவ? வழமையில்லாத சாப்பாடு ஏதும்? பச்சையா ஏதும்? அதைத் தெரிஞ்சால் மருந்தைத் தெரிஞ்சு போடலாம்."

அத்தான் கட்டிலின் மறுபக்கம் நின்றார். நெஞ்சுக்குள் அந்த விசில் கேட்டது. அவர் வைத்தியரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். வாசலில் கதவைத் திறந்து பிடிக்கும்போது இருக்கும் அதே பணிவான முகம்.

"தம்பி சொல்லுவான் பிள்ளை. தம்பிக்குத்தான் எல்லாம் தெரியும்."

வைத்தியர் பேனையோடு என் பக்கம் திரும்பினாள். அந்த வார்ட்டில் என்னை அறிந்த தாதி ஒருவர் நின்றார். பக்கத்துக் கட்டிலில் பங்குச் சபைக்காரர் ஒருவரின் தாயார். ஆமை என்று சொன்னால் அடுத்த கேள்வி, எங்கே, யார், நீங்களும் நின்றீர்களா என்பதாகத்தான் இருக்கும். மாலைக்குள் தீவு முழுவதும் தெரிந்துவிடும். மருந்து ஏறிக்கொண்டுதானே இருக்கிறது, ஒரு சொல்லால் என்ன கூடிக் குறையப்போகிறது என்றும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"நண்டு. நண்டுக் குழம்பு சாப்பிட்டவ. வேறை ஒண்டுமில்லை" என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை அவள் ஒருபோதும் திருப்பிக் கேட்டதில்லை.

ஆனால் இரண்டாம் நாள் கேட்டாள். அக்காவின் சிறுநீர் நின்றுபோயிருந்தது. கால்களில் ஊதா நிறத்தில் தடிப்புகள் கிளம்பியிருந்தன. வைத்தியர் இரவு முழுவதும் நித்திரை கொள்ளவில்லை என்பது அவளுடைய கண்களில் தெரிந்தது.

"சேர், குறை நினையாதேங்கோ, திரும்பக் கேக்கிறன். அவிச்ச நண்டில இது வராது. அவிச்சால் கிருமி செத்திடும். பச்சையா ஏதோ உள்ளுக்குப் போயிருக்கவேணும். பால், முட்டை, நாட்டு வைத்தியம், ஏதெண்டாலும் பரவாயில்லை. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்."

ஒருவருக்கும் சொல்லமாட்டேன் என்றாள். அதற்கு மேல் ஒரு மனிதனுக்கு என்ன வழி திறந்துவிட வேண்டும்? நான் அத்தானைப் பார்த்தேன். ஒருமுறையேனும், இந்த ஒரேயொருமுறையேனும், அவர் எனக்கு முன் வாய் திறக்கமாட்டாரா என்று காத்திருந்தேன். அவர் மேலே சுழலும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னால் தாமும் ஆமாம் என்று சொல்லியிருப்பார். என்னைக் கைது செய்யவில்லை என்று கண்ட பிறகு சொல்லியிருப்பார். நான் அவரைப் பார்த்துக்கொண்டும், அவர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டும் நின்றோம்.

கட்டிலில் அக்கா கண் விழித்தார். எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். வைத்தியர் குனிந்து, "அம்மா, நீங்கள் சொல்லுங்கோ. என்ன குடிச்சனீங்கள்?" என்று கேட்டாள்.

அக்காவின் உதடுகள் வெடித்திருந்தன. பேச நேரம் எடுத்தது. "தம்பி என்ன சொன்னவன்?"

"நண்டு எண்டு சொன்னவர் அம்மா."

"அப்ப நண்டுதான்" என்றார் அக்கா. "அவன் படிச்சவன்."

மூன்றாம் நாள் நண்பகலுக்குச் சற்று முன் அக்கா இறந்தார்.

அடக்கம் முடிந்த மறுநாள் பிற்பகல், வைத்தியர் தனியாகப் பேருந்து ஏறி அந்தக் கிராமத்துக்கு வந்தாள். முற்றத்துப் பந்தலில் கதிரை கொடுத்தோம். தேநீரைத் தொடவில்லை. சற்று நேரம் அத்தானுக்கு ஆறுதல் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"சேர், நான் ஏதோ விட்டிட்டன். முதல் நாளே வேறை மருந்து துடங்கியிருக்கவேணும். நண்டு எண்டு எழுதிப்போட்டு அந்த வழியிலயே நிண்டிட்டன். திரும்பத் திரும்ப அந்தக் கட்டிலடியில நிக்கிறமாதிரியே இருக்குது. ஒரு மாசம் லீவு கேட்டிருக்கிறன். இந்த வேலைக்கு நான் சரியில்லையோ தெரியேல்லை, சேர்."

பந்தலில் நாங்கள் மூவர் மட்டுமே இருந்தோம். இனி எந்த அதிகாரியும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ஓடு மண்ணுக்குள் இருந்தது. மற்ற ஆமை கடலில் இருந்தது. அக்கா கல்லறையில் இருந்தார். ஒரு பிள்ளையின் நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைக்க நான்கு சொற்கள் போதும். அதற்கு விலையாக அவள் என்னைப் பார்க்கும் பார்வை மாறும், அவ்வளவே.

அத்தான் என் பக்கம் பார்த்தார். நான் பேசட்டும் என்று காத்திருந்தார்.

"நீங்கள் செய்ய வேண்டியதைச் செய்தீர்கள், பிள்ளை" என்றேன். மேடையில் பேசுகிற தமிழ் என் வாயில் வந்தது. "முதல் நாள் உங்களுக்கு இருந்த தகவலுக்கு ஏற்ப முடிவெடுத்தீர்கள். பிழை சிறியது. மனிதருக்குப் பிழை நேரும். அதிலிருந்து கற்றுக்கொள்ளுங்கள்."

பிழை சிறியது என்றேன். பிழை இல்லை என்றுகூடச் சொல்லவில்லை.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். "ஓம் சேர். நீங்கள் சொன்னால் எனக்குக் காணும்" என்றாள். குனிந்து என் காலைத் தொட்டாள். அது அவர்களுடைய வீட்டு வழக்கம். நான் தடுக்கவில்லை.

அத்தான் படலைவரை போய் அவளை வழியனுப்பிவிட்டு வந்தார். என் பக்கத்தில் அமர்ந்து, கையை என் தோளில் வைத்தார்.

"வடிவாக் கதைச்சாய் தம்பி. நானெண்டால் தடுமாறியிருப்பன்."

"அத்தான், நாங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருக்கவேணும். நாங்கள் முதல் நாளே சொல்லியிருக்கவேணும்."

அவர் என் தோளிலிருந்து கையை எடுத்தார். குரலை உயர்த்தவில்லை.

"நாங்கள் எண்டு சொல்லாதை. என்னட்டை ஆர் என்ன கேட்டது? உன்னட்டைத்தானே கேட்டவ. நீதானே நண்டெண்டு சொன்னனீ. என்ர வாயாலை நான் ஒரு பொய்யும் சொல்லேல்லை தம்பி."

நான் நினைவில் தேடிப் பார்த்தேன். வார்ட்டில், வீட்டில், வாடியில், அக்காவின் நாற்பத்தோராண்டுகளில். உண்மைதான். அவர் ஒரு பொய்யும் சொன்னதில்லை.